கறுப்பு முகம், 'அரு' என்று முடியும் பேச்சு: ஜப்பானிய நகைச்சுவை அனிமேயில் அயலார்

ஜப்பானிய நகைச்சுவை அனிமேக்களில், அதாவது அனிமேஷன் தொடர்களில், அயலாரைக் காட்டும் விதம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கறுப்பினத்தவர் என்றால் தடித்த உதடு, சீனர் என்றால் உடைந்த ஜப்பானிய மொழி, இந்தியர் என்றால் குழம்பும் ஆட்டமும் என்று வருவது இனவெறியா, அல்லது அங்கே பண்பாடு வேறு என்பதால் நம் கண்ணுக்கு மட்டும் உறுத்துகிறதா என்பது உங்கள் கேள்வி. பல ஆண்டுகளாக இந்தத் தொடர்களைப் பார்த்தும் அவற்றைப் பற்றிப் படித்தும் வருபவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'பண்பாட்டு வேறுபாடு' என்ற சமாதானம் எந்த இடத்தில் அதிகமாகச் சொல்லப்படுகிறதோ, அந்த இடத்தில்தான் அது கொஞ்சமும் பொருந்தவில்லை. கறுப்பு முகக் கேலிச்சித்திரம் ஜப்பானிய மண்ணில் முளைத்ததல்ல. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியது. ஜப்பானுக்கே உரிய வார்ப்புகள், அதாவது ஒரு கூட்டத்தாரையெல்லாம் ஒரே அச்சில் வார்த்துக் காட்டும் பிம்பங்கள், வேறிடத்தில் இருக்கின்றன. பாத்திரங்களின் பேச்சிலும், சிரிப்பு கடைசியில் யார் மேல் போய் விழுகிறது என்பதிலும் அவற்றைத் தேட வேண்டும்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தை விலக்கிவிடுவது நல்லது. அனிமே பார்க்கத் தொடங்கும் ஏறக்குறைய எல்லாருமே, ஜப்பானியர்கள் ஏன் தங்களை வெள்ளைக்காரர்களைப் போல வரைந்துகொள்கிறார்கள் என்று ஒருமுறையாவது கேட்டுவிடுகிறார்கள். ஜப்பானியப் பார்வையாளருக்கு அப்படித் தோன்றுவதே இல்லை. அடையாளக் குறி ஏதும் போடாமல் வரைந்த முகம் எதுவானாலும் அது 'நம்ம ஆள்' என்றே அவர் எடுத்துக்கொள்கிறார். தலைமுடி இளஞ்சிவப்பாக இருந்தாலும், கண் பச்சையாக இருந்தாலும் அதில் மாற்றமில்லை. நாடு தெரியாத இந்த வரைமுறையை அங்கே 'முகொகுசெகி' என்பார்கள். ஆனால் கதைக்குள் ஓர் அயல்நாட்டார் நுழைந்துவிட்டால் உடனே குறி போட்டாக வேண்டும். வெள்ளையர் என்றால் மூக்கு நீளும், தாடையில் பிளவு விழும், தோள் அகலும், பேச்சில் ஆங்கிலச் சொற்கள் உரக்க வந்து விழும். குறி போட வேண்டியவர் யார், போடாமலே புரிந்துகொள்ளப்படுபவர் யார் என்ற பாகுபாடு முதல் கோட்டிலேயே தொடங்கிவிடுகிறது என்பதை மறக்காமல் மேலே படியுங்கள்.

இனி அந்தக் கறுப்பு முகம். 1854-ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஜப்பானின் கதவைப் பீரங்கியைக் காட்டித் திறக்க வந்த அமெரிக்கக் கடற்படைத் தளபதி கமடோர் பெரி, தன்னுடைய பவ்ஹாட்டன் கப்பலில் ஜப்பானிய அதிகாரிகளுக்கு விருந்து வைத்தார். விருந்துக்குப் பின் வெள்ளைக்கார மாலுமிகள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பினத்தவரைக் கேலி செய்து அமெரிக்காவில் அப்போது கொடிகட்டிப் பறந்த 'மின்ஸ்ட்ரல்' ஆட்டத்தை ஆடிக் காட்டினார்கள். ஜப்பானியத் தரப்பின் தலைமைப் பிரதிநிதி ஹயாஷியின் இறுகிய முகம்கூட அதைப் பார்த்துத் தளர்ந்துவிட்டதாக அந்தப் பயணத்தின் அதிகாரபூர்வ வரலாறு எழுதிவைத்திருக்கிறது. நவீன ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே நடந்த முதல் கலைப் பரிமாற்றங்களில் ஒன்று கரி பூசிய முகம். பின்னர் 1920-களிலும் 1930-களிலும் அமெரிக்கக் கார்ட்டூன் படங்கள் வந்தபோது, ஜப்பானிய ஓவியர்கள் உருண்டைக் கண்களையும் ரப்பர் போல வளையும் கைகால்களையும் எங்கிருந்து கற்றார்களோ, அங்கிருந்தே அந்தத் தடித்த வெள்ளை உதடுகளையும் கற்றுக்கொண்டார்கள்.

கடன் வாங்கியதற்கு ஜப்பான் தன் பங்குக்கு வட்டியும் சேர்த்தது. முதல் உலகப்போருக்குப் பின் மைக்ரோனேசியத் தீவுகள் ஜப்பானின் ஆளுகைக்குள் வந்தன; அவற்றை 'நன்யோ', அதாவது தென்கடல், என்று அழைத்தார்கள். 1933-இல் 'ஷோனென் கிளப்' என்ற சிறுவர் இதழில் தொடங்கிய 'போகென் டான்கிச்சி' என்னும் நகைச்சுவைச் சித்திரக் கதையில், படகில் தூங்கிப்போன ஒரு ஜப்பானியச் சிறுவன் தென்கடல் தீவு ஒன்றில் கரையொதுங்கி, அங்குள்ள கறுப்பு மனிதர்களுக்கு அரசனாகிவிடுகிறான். அவர்களில் யார் யாரென்று அவனுக்குப் பிடிபடவில்லை. என்ன செய்கிறான் தெரியுமா? ஒவ்வொருவர் மார்பிலும் வெள்ளை நிறத்தில் ஓர் எண்ணை எழுதிவிடுகிறான். குழந்தைகளுக்கான சிரிப்பாக வரையப்பட்ட அந்த ஒரு கட்டத்தில் ஒரு காலனி நிர்வாகமே அடங்கியிருக்கிறது. ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கழித்து, 2000-இல் ஒளிபரப்பான 'லவ் ஹினா' தொடரில் வரும் காவுல்லா ஸூ என்ற பெண்ணைப் பாருங்கள். மோல்மோல் என்ற கற்பனை நாட்டின் இளவரசி, மாநிறத்தவள், வாழைப்பழம் என்றால் உயிர், ஒரு நொடி சும்மா இருக்க மாட்டாள், தன் அறையையே காடாக வளர்த்துவைத்திருக்கிறாள். அவள் பெரிய விஞ்ஞான மேதை என்பது உண்மைதான், அவளை வெறுத்து யாரும் வரையவுமில்லை. ஆனால் 'தெற்கிலிருந்து வருபவர் வெள்ளந்தி, அடங்காத துறுதுறுப்பு' என்ற பழைய நன்யோ அச்சு அவளிடம் தேயாமல் இருக்கிறது.

இந்த வரலாற்றில் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1899-இல் லண்டனில் வெளியான 'லிட்டில் பிளாக் சாம்போ' என்ற சிறுவர் படக்கதையை எழுதிய ஹெலன் பேனர்மன், மருத்துவரான கணவரோடு பல்லாண்டுகள் சென்னை மாகாணத்தில் வாழ்ந்த ஸ்காட்லாந்துப் பெண். கதையில் மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடும் புலிகள் உருகிக் கடைசியில் நெய்யாகிவிடுகின்றன. புலியும் நெய்யும் இருக்கிற ஊர் எது என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் 1953-இல் இவானாமி பதிப்பகம் அதை ஜப்பானிய மொழியில் கொண்டுவந்தபோது அமெரிக்கப் பதிப்பு ஒன்றின் படங்களை எடுத்துக்கொண்டது; சாம்போ அதில் ஆப்பிரிக்கச் சிறுவன், நெய் வெறும் வெண்ணெய். இரண்டு தலைமுறை ஜப்பானியக் குழந்தைகள் அந்தப் புத்தகத்தோடுதான் வளர்ந்தார்கள். கறுப்பினத்தவர் ஒருவரை நேரில் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே அவர்கள் எப்படி இருப்பார்கள் என்பது அந்தக் குழந்தைகளுக்குத் 'தெரிந்துவிட்டது'. 1960-ஆம் ஆண்டுக் கோடையில் கையில் தொற்றிக்கொண்டு ஆடும் 'டாக்கோ-சான்' என்ற காற்றடைத்த கறுப்பு வினைல் பொம்மை நாடெங்கும் பித்துப்பிடித்தாற்போல விற்றதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

1988-ஐ நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டு ஒசாகாவை அடுத்த சகாய் நகரில் ஒரு தாய், தந்தை, பள்ளிச் சிறுவனான அவர்கள் மகன் ஆகிய மூவரைக் கொண்ட ஒரு குடும்பம், கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் பொருட்களுக்கு எதிராக ஒரு சங்கம் தொடங்கிக் கடிதம் மேல் கடிதம் எழுதியது. அமெரிக்கப் பத்திரிகைகளிலும் கண்டனம் வந்துகொண்டிருந்த நேரம் அது. சில மாதங்களுக்குள் சாம்போ புத்தகம் கடைகளிலிருந்து மறைந்தது; டாக்கோ-சான் தயாரிப்பு நின்றது; கால்பிஸ் பானம் அதற்கடுத்து தன் புகழ்பெற்ற கறுப்பு முக முத்திரையைக் கைவிட்டது. 1990-களின் தொடக்கத்தில் புகழ்பெற்ற சித்திரக் கதை ஆசிரியர் டெசுகா ஒசாமுவின் தொகுதிகளிலும், மறைந்த ஆசிரியரின் படைப்பைத் திருத்த முடியாத நிலையையும் பாகுபாடு பற்றி வாசகர் சிந்திக்க வேண்டியதையும் விளக்கும் குறிப்பைப் பதிப்பாளர்கள் சேர்த்தார்கள். ஆகவே 'பாவம், ஜப்பானியர்களுக்கு இதன் பின்னணி தெரியாது' என்று இன்றைக்கும் சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. 1988-க்கு முன்பு அது ஓரளவு உண்மை. அதன்பின் வெளியீட்டுத் துறையிலும் தொலைக்காட்சியிலும் இருக்கிற எவருக்கும் அது தெரியும்.

'டிராகன் பால்' கதையின் மிஸ்டர் போப்போ இந்த ஆண்டுக்கணக்கின் விளிம்பில் நிற்கிறார். கடவுளின் பணியாளர், கரிக்கறுப்பு உடல், சிவந்த தடித்த உதடு, தலைப்பாகை, தொளதொளத்த கால்சட்டை. அரபுக் கதைப் பூதத்தையும் மின்ஸ்ட்ரல் முகத்தையும் ஒரே உருவத்தில் ஒட்டியிருக்கிறார்கள். போக்கெமானின் ஜிங்க்ஸ் கறுப்பு முகமும் மஞ்சள் கூந்தலும் கொண்டு 1996-இல் வந்தது. 2000-ஆம் ஆண்டில் கரோல் பாஸ்டன் வெதர்ஃபோர்ட் என்ற அமெரிக்கச் சிறுவர் எழுத்தாளர் இந்த இரண்டையும் சுட்டிக்காட்டி எழுதினார். ஜிங்க்ஸ் ஊதா நிறமானது. போப்போ சில ஆண்டுகள் கழித்து ஓர் அமெரிக்க ஒளிபரப்பில் நீல நிறமானார். உதடுகள் இரண்டிலும் அப்படியே இருந்தன. வண்ணத்தை மட்டும் மாற்றிவிட்டுப் பிரச்சினை தீர்ந்ததாகக் கணக்கு முடித்த அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால், மூலத்தை வரைந்தவர்களைவிடத் திருத்தியவர்கள் மேல்தான் எனக்குச் சிரிப்பு வருகிறது.

இவையெல்லாம் பழங்கதை என்று சொல்லவும் வழியில்லை. 2020 ஜூனில், ஜார்ஜ் ஃபிளாய்டின் மரணத்தை அடுத்து அமெரிக்காவில் எழுந்த போராட்டங்களை விளக்குவதற்காக ஜப்பானின் பொதுத்துறை ஒளிபரப்பாளரான என்.எச்.கே. ஒரு சிறு அனிமேஷன் வெளியிட்டது. அதில் புடைத்த தசைகளோடு ஒரு கறுப்பின ஆள் ஆவேசமாகக் கத்துகிறான். காவல்துறை அத்துமீறல் பற்றி ஒரு சொல் இல்லை. கடும் எதிர்ப்புக்குப் பின் அதை நீக்கி மன்னிப்புக் கேட்டார்கள். அது நகைச்சுவைக்காகச் செய்யப்பட்டதுமல்ல. கேலிச்சித்திரத்தின் கோடுகள் கைக்குப் பழகிவிட்டால், செய்தியை வரையும்போதும் கை அதே பக்கம்தான் போகும்.

வரைவதைப் பற்றி இவ்வளவு போதும். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது பேச்சு. ஜப்பானிய மொழியில் ஒருவர் தன்னை 'நான்' என்று சொல்வதற்கே பல சொற்கள் உண்டு; வாக்கியத்தின் வாலில் ஒட்டும் சிறு அசை ஒன்றே பேசுபவர் கிழவரா, பணக்கார வீட்டுப் பெண்ணா, நாட்டுப்புறத்தாரா என்று காட்டிவிடும். நடைமுறையில் எவரும் அப்படிப் பேசாவிட்டாலும், கதையில் அந்த வால் வந்தவுடன் ஆள் யாரென்று வாசகருக்கு விளங்கிவிடும். மொழியியலாளர் கின்சுய் சதோஷி இதற்கு 'யகுவாரிகோ' என்று பெயரிட்டார். வேடத்துக்கு உரிய மொழி என்று சொல்லலாம். பழைய தமிழ்ப் படங்களில் வட்டிக்கடை சேட்டு 'நம்பள்', 'நிம்பள்' என்று பேசியவுடன் அரங்கம் சிரித்ததே, அதே சங்கதிதான்.

அந்த வால்களில் பெயர்போனது சீனப் பாத்திரங்களுக்கு மாட்டப்படும் 'அரு'. 'உண்டு' என்று பொருள்படும் வினைச்சொல்லை இடம் பொருள் பாராமல் எல்லா வாக்கியங்களின் முடிவிலும் ஒட்டிவிடுவார்கள். சீனர் எவரும் இப்படிப் பேசுவதில்லை. இதன் வேரைத் தேடிப்போன கின்சுய், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யோகோஹாமா துறைமுகத்தில் புழங்கிய கலப்பு மொழிக்குச் சென்று சேர்கிறார். வியாபாரத்துக்காக வந்த வெள்ளையரும் சீனரும் எதற்கெடுத்தாலும் 'அரிமாசு' என்று சொல்லி ஒப்பேற்றிய மொழி அது. 1879-இல் அதைக் கிண்டலடித்து ஆங்கிலத்தில் ஒரு பாடப்புத்தகமே அச்சாகியிருக்கிறது. அன்றைக்கு வெள்ளைக்காரரின் வாயிலும் இருந்த அந்த அரைகுறைப் பேச்சு, நாளடைவில் சீனரின் தலையில் மட்டும் கட்டப்பட்டுவிட்டது. ஐரோப்பியரின் அரைகுறை அழகான 'உச்சரிப்பு' ஆயிற்று, சீனரின் அரைகுறை கோமாளித்தனம் ஆயிற்று. இந்த இடமாற்றத்தில்தான் ஜப்பானின் மனக்கணக்கு தெரிகிறது. எவ்வளவு கறுப்பாக மையடித்தார்கள் என்பதில் இவ்வளவு தெரியாது.

2006-இல் தொடங்கிய 'கின்தாமா' அனிமே இதை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று பாருங்கள். பெரியின் கறுப்புக் கப்பல்களுக்குப் பதிலாக எடோ நகரில் (டோக்கியோவின் பழைய பெயர்) விண்கலங்கள் வந்திறங்குகின்றன. அயல்நாட்டார் எல்லாரும் வேற்றுக்கிரகவாசிகள். கதாநாயகர்களில் ஒருத்தியான காகுரா, யாதோ என்ற பேராற்றல் வாய்ந்த வேற்றுக்கிரகக் குலத்தவள். ஆனால் அவள் சீனத்து உடை உடுத்திக்கொண்டு 'அரு' என்றுதான் பேசுகிறாள். அவள் மூக்கைக் குடைந்துகொண்டு, சட்டி சட்டியாகச் சோறு தின்றுகொண்டு, சீனப் பெண் பாத்திரத்துக்கென்று வகுத்த நளினத்தையெல்லாம் போட்டு உடைப்பதுதான் தொடரின் வேடிக்கை. வார்ப்பு உடைகிறது என்றும் சொல்லலாம், வார்ப்பு இல்லாவிட்டால் இந்தச் சிரிப்பே கிடையாது என்றும் சொல்லலாம். இரண்டும் சரி.

பேச்சு வார்ப்பு அயலாருக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. 2002-இல் வந்த 'அஸுமாங்கா தாய்யோ' தொடரில், ஒசாகாவிலிருந்து பள்ளி மாறிவரும் கசுகா அயுமுவுக்கு முதல் நாளே 'ஒசாகா' என்று பட்டப்பெயர் வைத்துவிடுகிறார்கள். ஒசாகாக்காரி என்றால் கலகலப்பாகப் பேச வேண்டும், பதிலுக்குப் பதில் நகைச்சுவை அடிக்க வேண்டும் என்று வகுப்பே எதிர்பார்க்கிறது. அவளோ எப்போதும் கனவில் மிதக்கும் மந்தக் குழந்தை. எதிர்பார்ப்பும் ஆளும் பொருந்தாமல் தொங்கும் அந்த இடைவெளியில்தான் தொடர் முழுக்கச் சிரிப்பு பிறக்கிறது. அமெரிக்க ஆங்கிலக் குரல்மாற்றத்தில் அவளுக்குத் தென்மாநிலக் கொச்சையைக் கொடுத்தார்கள். ஒரு நாட்டின் உள்ளூர் வார்ப்பை இன்னொரு நாட்டின் உள்ளூர் வார்ப்பால் ஈடுகட்டினார்கள்.

நாடுகளையே மனிதர்களாக்கிய 'ஹெட்டாலியா' பற்றியும் நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். இத்தாலி பயந்தாங்கொள்ளி, ஜெர்மனி கறார்ப் பேர்வழி, அமெரிக்கா தன்னையே வீரன் என்று சொல்லிக்கொள்ளும் தீனிப்பண்டாரம். ஜப்பான் யாருக்கும் 'முடியாது' என்று சொல்லத் தெரியாமல், நம் அரசு அலுவலகங்கள் எழுதும் 'ஆவன செய்யப்படும்' பாணியில் நழுவிக்கொண்டே இருக்கும். எல்லாரையும் சமமாகக் கேலி செய்கிறோம் என்பது இத்தகைய படைப்புகளின் வாதம். 2009 ஜனவரியில் தொலைக்காட்சியில் வரவிருந்த நேரத்தில், மூலக்கதையின் கொரியப் பாத்திரத்தைக் கண்டித்துத் தென்கொரியாவில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. ஒளிபரப்பு கைவிடப்பட்டு, தொடர் இணையத்திலும் கைப்பேசியிலும் மட்டும் வெளிவந்தது. கொரியப் பாத்திரம் அனிமேயில் இடம்பெறவேயில்லை. இத்தாலியர் சிரித்துவிட்டுப் போன கேலியைக் கொரியர்கள் சகித்துக்கொள்ளவில்லை என்றால், 35 ஆண்டுகள் ஆண்டவன் ஆளப்பட்டவனைக் கேலி செய்வதில் சமம் என்று ஒன்று கிடையாது.

சிரிப்பு யார் மேல் விழுகிறது என்று மேலே சொன்னேனே, அதை ஜப்பானிய நகைச்சுவையின் அடிப்படையை வைத்து விளக்கலாம். 'மன்ஸாய்' என்ற இருவர் மேடைப் பேச்சில் ஒருவர் உளறுவார், அவர் 'போக்கே'. மற்றவர் மண்டையில் தட்டித் திருத்துவார், அவர் 'ட்ஸுக்கோமி'. அனிமே நகைச்சுவையின் எலும்புக்கூடும் அதுவே. அயல்நாட்டுப் பாத்திரம் ஒன்று உள்ளே வந்தால் அதற்குப் பெரும்பாலும் உளறும் வேலைதான் தரப்படும்; திருத்தும் உரிமை ஜப்பானியரிடம் இருக்கும். இந்த வேலைப் பங்கீடு தலைகீழானால் சிரிப்பின் தன்மையே மாறிவிடுகிறது. நீங்கள் நூறு தொடர்களில் பார்த்திருக்கக்கூடிய ஒரு காட்சி: தெருவில் பொன்முடிக்காரர் ஒருவர் வழி கேட்க நெருங்குகிறார், நம் கதாநாயகன் வெலவெலத்து, கையை ஆட்டி, பள்ளியில் படித்த இரண்டு ஆங்கிலச் சொற்களைத் திணறித் துப்புகிறான், வந்தவர் அமைதியாகத் தெளிவான ஜப்பானிய மொழியில், சில வேளை அசல் ஒசாகா வழக்கிலேயே, பேசத் தொடங்குகிறார். உளறியவர் யார்?

இந்தத் தலைகீழாக்கத்தை முழுக் கதையாகவே செய்தவர் யமாசாகி மாரி. இளவயதிலேயே இத்தாலிக்குப் போய் ஓவியம் படித்து, இத்தாலியரையே மணந்தவர். அவருடைய 'தெர்மே ரோமே' 2012-இல் சிறு அனிமேத் தொடராக வந்தது. பேரரசர் ஹாட்ரியன் காலத்து ரோமானியக் குளியல் மண்டபச் சிற்பி லூசியஸ், வெந்நீரில் மூழ்கி எழுந்தால் இன்றைய ஜப்பானின் பொதுக் குளியலறையில் கிழவர்களுக்கு நடுவே நிற்கிறான். சுற்றிலும் பார்க்கிறான். ரோமானியர் அல்லாதவர், ஆகவே அடிமைகள்; இது அடிமைகளின் குளியலறை என்று முடிவு செய்கிறான். அவர்களுக்கு அவன் வைக்கும் பெயர் 'தட்டைமுகக் குலம்'. பிறகு அந்தத் தட்டைமுகக் கிழவர்களில் ஒருவர் குளித்து முடித்தவனுக்குச் சில்லென்று ஒரு புட்டிப் பழப்பால் கொடுக்கிறார். ஒரு மிடறு குடித்ததும் பேரரசின் பெருமிதம் ஆட்டம் காண்கிறது. அடிமைகள் நம்மை மிஞ்சிவிட்டார்களே என்று கண்கலங்குகிறான். இனப்பெருமை, முகத்தை வைத்து ஆளை எடைபோடுவது, அயலாரின் கருவிகளைப் பார்த்து வியந்து ஊருக்குக் கொண்டுபோய்த் தன் பெயரில் கட்டிக்கொள்வது என்று எல்லாமே இதில் இருக்கின்றன. ஆனால் தட்டைமுகம் என்று பெயர் வாங்குபவர் பார்வையாளர். ஜப்பானியர்கள் அதைக் கேட்டுக் கோபிக்கவில்லை, விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதே ஆண்டு வந்த நடிகர்கள் நடித்த படத்தில் லூசியஸாக வந்தவர் அபே ஹிரோஷி. ஜப்பானியரிலேயே 'அழுத்தமான முகம்' உள்ளவர்களைப் பொறுக்கியெடுத்து ரோமானியராக்கியிருந்தார்கள்.

இந்தியருக்கு இந்தத் துறையில் கிடைத்திருப்பது இன்னமும் சில்லறைதான். 1983-இல் அனிமேயான 'கின்னிக்குமான்' என்ற மல்யுத்த நகைச்சுவையில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வீரன் உண்டு. இந்தியாவின் சார்பில் வருபவன் கரீ குக், தலையில் ஒரு தட்டுக் குழம்புச் சோற்றோடு களமிறங்குவான், எதிராளியின் காயத்தில் குழம்பைத் தேய்ப்பான். அதே தொடரில் பின்னல் தொங்கவிட்ட சீனன் ராமென்மானும் ஆரம்பத்தில் இதே தரத்துக் கேலிதான். ஆனால் வாரம் தவறாமல் வந்து வந்து, நட்பும் துயரமும் கூடி, தனித் தொடர் நடத்தும் அளவுக்கு அன்புக்குரிய நாயகனாகிவிட்டான். வார்ப்பு மனிதனாவதற்குத் திரையில் நேரம் வேண்டும். கரீ குக்குக்கு அந்த நேரம் கொடுக்கப்படவில்லை.

குழம்புக்கு அடுத்து இந்தியர்மேல் ஒட்டிய அடையாளம் ஆட்டம். அதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1998-இல் டோக்கியோவின் ஷிபுயாவில் ரஜினிகாந்தின் 'முத்து' படம் 'ஆடும் மகாராஜா' என்ற துணைத்தலைப்போடு வெளியாகி மாதக்கணக்கில் ஓடியது. படத்தில் மகாராஜா யாருமில்லை, ஒரு ஜமீன்தான் இருக்கிறது என்பதைப் பற்றி அங்கே எவரும் அலட்டிக்கொள்ளவில்லை. இந்தியர் என்றால் காரணமின்றிக் கூட்டமாக ஆடுபவர் என்ற எண்ணம் ஜப்பானிய நகைச்சுவையில் நிலைபெறுவதற்கு அந்த வெற்றி பெரிதும் உதவியது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த ஷின்-சான் திரைப்படம் கசுகாபே நகரத்துச் சிறுவர்களை நடனப் போட்டி வழியாக இந்தியாவுக்கே கூட்டிவருகிறது; தலைப்பில் வரும் 'கரே' என்ற ஓசைக்கு 'ஒய்யாரம்' என்றும் பொருள், குழம்பு என்றும் பொருள். ஆட்டமும் காரமும் ஒரே தலைப்பில் அடங்கிவிட்டன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஷின்-சான் கதைகளில் மானம் போவது எப்போதும் ஷின்-சானின் குடும்பத்துக்குத்தான். கால்சட்டையைக் கழற்றி ஆடுபவன் நம்மூர்க்காரனல்ல என்பதால், தமிழ்க் குரலில் அவனைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு உறுத்தல் குறைவாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

புகழ்ச்சியும் வார்ப்புதான் என்பதை மறந்துவிடுகிறோம். 'கினிரோ மொசைக்' தொடரில் (2013) இங்கிலாந்திலிருந்து வரும் ஆலிஸ், தோழி ஷினோபுவைவிட ஒழுங்காக ஜப்பானிய மொழி பேசுகிறாள்; ஷினோபுவுக்கு ஆங்கிலம் வராது, ஆனால் பொன்முடியைக் கண்டால் போதும், மெய்ம்மறந்துவிடுவாள். தன்னை நேசிக்கிறாளா தன் கூந்தலை நேசிக்கிறாளா என்று ஆலிஸ் அவ்வப்போது கலங்குவது நகைச்சுவையாகத்தான் வரும், இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி. 2024-இல் வந்த ஆல்யா என்ற பாதி ரஷ்யப் பெண்ணின் காதல் நகைச்சுவையில் முணுமுணுப்புகளெல்லாம் ரஷ்ய மொழியில் வருகின்றன. குரல் கொடுத்த உவேசாகா சுமிரே பல்கலைக்கழகத்தில் ரஷ்யம் படித்தவர். 'அரு' காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய நகர்வு. எனினும் இந்த மரியாதை வெள்ளை நிறப் பெண்களுக்குக் கிடைக்கும் வேகத்தில் நேபாளி, வியட்நாமியப் பாத்திரங்களுக்குக் கிடைப்பதாக நான் காணவில்லை. 2024 முடிவில் ஜப்பானில் வாழும் அயல்நாட்டார் 37 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆசியர்கள்.

ஆகவே உங்களுக்கு ஒரு தொடரைப் பரிந்துரைப்பதென்றால், நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும் தொடர்களைவிட்டுவிட்டு, குமெத்தா கோஜியின் 'சயோனாரா, ஸெட்சுபோ சென்செய்' தொடரைச் சொல்வேன். 2007-இல் வந்தது, வகுப்பு முழுக்க வார்ப்புகள். வெளிநாட்டில் வளர்ந்து திரும்பிய கிமுரா என்ற பெண் எதற்கெடுத்தாலும் 'வழக்குப் போட்டுவிடுவேன்' என்று மிரட்டுவாள். அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'காயெரே'. ஜப்பானிய மொழியில் அதற்குத் 'திரும்பிப் போ' என்று பொருள். இப்படித் திரும்பி வந்த பிள்ளைகளிடம் ஊர் சொல்லத் துடிக்கும் சொல்லையே பெயராக்கி, தினமும் வருகைப் பதிவேட்டில் கூப்பிட வைத்திருக்கிறார்கள். அதே பதிவேட்டில் செகியுட்சு தாரோ என்று ஓர் ஆண்பிள்ளைப் பெயர் வரும். அந்தப் பையன் தன் பெயரையும் வகுப்பில் தன் இடத்தையும் விற்றுவிட்டுத் தெருவுக்குப் போய்விட்டான். பெயரைக் கூப்பிட்டதும் செருப்பில்லாத கால்களோடு ஒரு மாநிறச் சிறுமி, மரியா, உடைந்த ஜப்பானிய மொழியில் உற்சாகமாகக் குரல் கொடுக்கிறாள். இருக்கை நிரம்பியிருக்கிறது, பதிவேட்டில் குறி விழுகிறது, வகுப்பு தொடர்கிறது.